அத்தையின் பெயரில் ஒரு கார்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு காரியம் சொன்னாய். கல்யாண அழைப்பிதழில் பெண் வீட்டுக் காட்டாக்கடைக்காரர்கள் பெயரை முதலில் போடுவதா, நம் பெயரை முதலில் போடுவதா என்பது ஒன்று. சுகந்தி அத்தையின் ஆதார் காப்பி ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் காரியத்துக்காக உன் அம்மாவும் நானும் அரைமணி நேரம் சண்டை போட்டோம். இரண்டாவதற்கு நான் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் ‘பார்க்கலாம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது உன் அம்மாவுக்கு இருபத்தொன்பது வருஷமாகத் தெரியும். உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மறுநாளே அத்தைக்கு நேராக மெசேஜ் அனுப்பிவிட்டாய். அதனால் இப்போது இந்தக் கடிதத்தை எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், பதிலுக்குக் கல்யாண மண்டபத்து வாடகையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரி லேபில் வாய் திறக்காத குப்பிகளோடு குப்பை கொட்டியவன், எனக்குப் பேச்சு அவ்வளவுதான். மலையாளத்தில் எழுதினால் நீ ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மடக்கி வைத்துவிடுவாய். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதற்காகவே தமிழில் எழுதுகிறேன். மெதுவாக வாசி. வாசித்து முடிக்கும் வரை அத்தைக்கும் ஷோரூமுக்கும் போன் செய்யாதே.

நீ வாங்கப்போவது பேட்டரி கார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அதற்குச் சாலை வரி கிடையாது, நம் கேரளப் பக்கம் உண்டு. அத்தையின் வீடு படந்தாலுமூட்டில், எல்லையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். அத்தை பெயரில், அத்தை விலாசத்தில் வண்டியை எடுத்துவிட்டால் வரி மிச்சம், இரண்டு வருஷம் கழித்து உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். மிச்சமாகும் பணத்தைக் கல்யாணச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனதோடு சொன்னாய். நான் இழுத்தபோது, “நிங்க செய்ததுதானப்பா, நான் புதுசா ஒண்ணும் செய்யல்லியே” என்று சிரித்தாய். நீ சொன்னது உண்மைதான். இந்த வித்தையை நீ என்னிடம்தான் படித்தாய்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரியைப் பற்றி நீ கொதித்ததில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சம்பளம் உன் கைக்கு வரும் முன்பே வருமான வரி பிடித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி. மீதியைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தாலும் அங்கேயும் ஒரு கை நீள்கிறது. ஹோட்டலில் தோசைக்கு, செல்போன் ரீசார்ஜுக்கு, செருப்புக்கு, கல்யாண மோதிரத்துக்கு, மண்டப வாடகைக்கு. வரி போக மிஞ்சிய பணத்துக்கு மறுபடியும் வரி. என் காலத்தில் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா கேட்பாள், இதில் எது நம்முடையது என்று. பிறகு வில்லேஜ் ஆபீசில் நிலத்துக்குக் கரம், பஞ்சாயத்தில் வீட்டு வரி, வீடு கட்டி முடித்தபோது வீடு கட்டிய குற்றத்துக்கு இன்னொரு வரி. பெட்ரோல் அடித்தால் விலையில் பெரும்பங்கு வரிதான், அதற்கும் மேலே ஒரு செஸ். அதனால்தான் நம் பாறசாலைக்காரன் எவனும் பாறசாலையில் டேங்க் நிறைப்பதில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று களியக்காவிளை பங்கில் போய் வரிசையில் நிற்கிறோம். நான் ஊசி குத்தும்போது, குத்தப்போகிறேன், திரும்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். வருமான வரி அப்படியாவது சொல்லிவிட்டுக் குத்துகிறது. மற்றதெல்லாம் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன.

போன வருஷம் ஒரு ஹர்த்தால் நாளில் நானும் உன் அம்மாவும் ஒரு விளையாட்டு விளையாடினோம், உனக்குச் சொன்னேனோ இல்லையோ. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு பைசா வரி கொடுக்காமல் இருந்து பார்ப்பது. கடை எல்லாம் அடைத்துக் கிடந்ததால் சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். பல் தேய்க்கும்போதே பேஸ்டில் தோற்றேன். கிணற்றுத் தண்ணீருக்கு மோட்டார் போட்டதும் கரண்ட் பில்லில் தோற்றேன். பிறகு முற்றத்துக் கப்பைக்கிழங்கைப் பிடுங்கி, பரணில் கிடந்த தென்னமட்டையை எரித்து அவித்து, காந்தாரி மிளகாயை இடித்துத் தொட்டுத் தின்றோம். உப்புக்கு வரி கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். உப்பு பாக்கெட் வந்த லாரியின் டீசலுக்கு உண்டே என்றாள் உன் அம்மா. அதோடு விளையாட்டை நிறுத்திவிட்டு டிவி பார்த்தோம். நாம் மனமறிந்து, சந்தோஷமாகக் கொடுக்கிற ஒரே வரி லாட்டரிச் சீட்டு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதையும் உன் அம்மாவுக்குத் தெரியாமல்தான் வாங்குகிறேன், இதைப் படித்துவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடாதே.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைத்தது என்று நீ கேட்டாய். நான் சர்க்கார் சம்பளம் வாங்கியவன், அந்த வரிப்பணத்தில்தான் நீ வளர்ந்தாய், அதை மறைக்க முடியாது. ஆனால் லேபில் மருந்து தீர்ந்துபோய், இன்றைக்கு இந்த டெஸ்ட் இல்லை, வெளியே போய் எடுத்து வாருங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கூலிக்காரப் பெண்கள், பஸ்ஸுக்கு எண்ணி வைத்த காசோடு வந்தவர்கள். அவர்கள் என்னைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். அதனால், ஒழுங்காக வரி கட்டு, நாடு நன்றாக இருக்கும் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த வயதில் ஒரு அப்பன் பிள்ளைக்கு அதைத்தான் எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதத்துக்கு முன்பு நீ ஒரு மெசேஜ் போட்டாய். வரி கட்டுகிறவன் முதுகு ஒடிய உழைக்கிறான், வரி கட்டாதவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஓசிப் பணம் வாங்குகிறார்கள் என்று. யாரோ அனுப்பியதை நீ அப்படியே தள்ளிவிட்டாய், தெரியும். அந்தக் குரூப்பில் உன் சுகந்தி அத்தையும் உண்டு என்பது உனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. அவள் அதற்குக் கீழே இரண்டு கை கூப்புகிற படம் போட்டிருந்தாள். அவள் எல்லா மெசேஜுக்கும் அதைத்தான் போடுவாள், பிறந்தநாள் வாழ்த்துக்கும் சாவுச் செய்திக்கும். நீ போட்டதை அவள் வாசித்துத்தான் கும்பிட்டாளா, வாசிக்காமலே கும்பிட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அத்தை அண்டியாபீசுக்குப் போகிறாள் என்பது தெரியும். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று நீ பார்த்திருக்க மாட்டாய். காலை முதல் மாலை வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டித் தட்டிப் பருப்பு எடுப்பது. அதன் எண்ணெய் பட்டு அவளுடைய விரல்கள் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும், கல்யாண வீட்டுக்கு வந்தாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். மாமா கொத்தவேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு அந்த வீட்டில் வருமானம் என்று அதுதான். அவளும் வரி கட்டுகிறாள், மக்கா. அவள் வாங்கும் சோப்புக்கும், உனக்குக் கும்பிடு அனுப்புகிற போன் ரீசார்ஜுக்கும் நீ கொடுக்கும் அதே வரியைத்தான் அவளும் கொடுக்கிறாள். அவளுக்கு மட்டும் குறைத்து வாங்குவதில்லை. ரசீது கேட்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவது உன்னிடம் மறைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு, நான் ஓய்வு பெறப்போகிற நேரத்தில், நம் பக்கம் கார் வரியைக் கூட்டினார்கள். அதே வண்டிக்கு அந்தப் பக்கம் குறைவு. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பைசா ஏய்க்காமல் பிடித்தம் கொடுத்தாயிற்று, ஒரு தடவையாவது இவர்களை ஏய்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. நம் ரோட்டிலேயே எத்தனை முற்றத்தில் அந்தப் பக்கத்து நம்பர் வண்டி கிடக்கிறது, எல்லாம் மச்சினன் பெயரில், மாமியார் பெயரில். அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் இருப்பதை நாம் எல்லோரும் ஒரு சொத்தாகத்தான் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தச் சொத்து சுகந்தி. அவளிடம் காகிதத்தை நீட்டினபோது, எதற்கு அண்ணா என்று ஒரு தடவை கேட்டாள். “வெறும் ஒரு ஒப்பாக்கும், உனக்கு ஒரு செலவும் இல்ல” என்றேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி எடுத்த அன்று நீயும் கூட இருந்தாய். களியக்காவிளையில் நிறுத்திப் புரோட்டா தின்றோம். இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் என்று நான் விரலை மடக்கிச் சொன்னதும், “அப்பா புலியாக்கும்” என்று என் முதுகில் தட்டினாய். நீ என் முதுகில் தட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையில் அத்தைக்கு ஒரு பொட்டலம் புரோட்டா வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த வருஷமே அந்தப் பக்கம் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. உன் அத்தையும் எழுதிக் கொடுத்தாள். அவளைவிடத் தகுதியானவள் அந்த வார்டில் யார் இருக்கிறார்கள்? ஆனால் அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. நான் விசாரித்தபோது, என்னமோ கம்ப்யூட்டரில் சரியாகவில்லை என்று சொன்னாள். நானும் அந்த ஊர் கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன். ஒரு வருஷமும் சில மாதமும் போனது. ஒரு ஓணத்துக்கு நேந்திரங்குலையும் மாமாவுக்கு வேட்டியும் கொண்டுபோனேன், அந்தக் காரில்தான். வண்டியை ரேஷன் கடைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது, அங்கே நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள், “காறுகாரிக்க காறு வந்தாச்சு.” இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று தெரியாது. சாதாரணமாகச் சொன்னாள், “நம்ம சுகந்தியதான். அவளுக்கு சொந்தத்துல காறு உண்டுல்லா, அதுனாலயாக்கும் ஆயிரம் ரூவா கிட்டாத்தது. அண்டியாபீசில எல்லாருக்கும் தெரியும்.”

வீட்டுக்குள் போய் அவளிடம் கேட்டேன். கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடையாதாம். மனு தள்ளுபடியானதும் அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். உன் பெயரில் கார் இருக்கிறதே அம்மா என்று அவர்கள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அது தன் கார் இல்லை என்று இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அண்ணனுக்கு என்ன கேஸ் வருமோ என்று பயந்து, தலையாட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அது போட்டும் அண்ணா. உங்களுக்கு வண்டி வேணுமுல்லா. மாசம் ஆயிரத்துக்கு வேண்டி அண்ணன்கிட்ட வந்து நிக்க எனக்கு ஒக்காது.”

இருபதாயிரம் எனக்கு மிச்சமானது யார் பணத்தில் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சர்க்காரை ஏய்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே இழுத்த கயிறு இவள் கழுத்தில் கிடந்திருக்கிறது.

அதன் பிறகுதான் வண்டியை என் பெயருக்கு, நம் பக்கத்து நம்பருக்கு மாற்ற அலைந்தேன். வயதான காலத்தில் அங்கேயும் இங்கேயும் அலைய முடியவில்லை, அதனால் நம்பரை மாற்றுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அந்தப் பக்கம் தடையில்லாச் சான்று, இந்தப் பக்கம் மறுபடியும் முழு வரி, தாமதத்துக்கு அபராதம், இடையில் ஒரு காகிதத்தில் அவளுடைய இனிஷியல் மாறிப்போய் அதைத் திருத்த இரண்டு மாதம். நான் மிச்சம் பிடித்ததைப்போல் நாலு மடங்கு கட்டினேன். எந்த வாசலில் போய் நின்று யாரைத் திட்டுவது? கையெழுத்து வாங்கியது நான்தானே. ஒவ்வொரு தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் கூலி போனது. அந்தக் கூலியையும், கிடைக்காமல் போன மாத ஆயிரங்களையும் சேர்த்து அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றுவரை கொடுக்கவில்லை. கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், “குடுத்துப் பாத்தியளா? பாக்காம எப்பிடித் தெரியும், வாங்க மாட்டான்னு?” நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். வரியும் அபராதமும் போக என் கையில் அப்போது ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அது பாதி உண்மைதான்.

அந்தத் திட்டத்துக்கு மறுபடியும் மனு வாங்கியபோது அவள் எழுதிக் கொடுத்தாள். இப்போது நாலு மாதமாக அந்த ஆயிரம் அவள் கணக்கில் வருகிறது. முதல் மாதம் வந்த அன்று நம் வீட்டுக்கு வந்து, நான் அசந்த நேரத்தில் இருநூறு ரூபாயை என் சட்டைப் பையில் திணித்துவிட்டாள். ஆர்.டி. ஆபீசுக்கு அலைந்தபோது வண்டிக்கு எண்ணெய் அடித்தீர்களே, அதற்காம். உன் அம்மா சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு வெகுநேரம் அந்தச் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆயிரத்தில் மாமாவுடைய மாத்திரை முழுதும் வாங்க முடிகிறது, முன்பு பாதி அட்டைதான் வாங்குவாளாம். இதையும் அவள் சொல்லவில்லை, மாமா சொன்னார்.

நீ அனுப்பிய மெசேஜ் திங்கட்கிழமை அவளுக்குப் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடங்காமல் ஆதார் காப்பி. கடையில் இரண்டு ரூபாய் கொடுத்து எடுத்ததாம். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள், நீ கேட்காமலே. போன தடவை நான் போடச் சொன்ன அதே இடத்தில். நான் அவளை உட்கார வைத்து, உனக்குப் பைத்தியமா, இது போனால் அந்த ஆயிரமும் போய்விடும், மறுபடியும் உன்னைக் காறுகாரி என்பார்கள், மாமாவின் மாத்திரைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். “அண்ணா, பிள்ளைக்க கல்யாணமாக்கும். ஒரு பவன் இட என்னால ஒக்குமா? எனக்க கையில வேற என்ன உண்டு? ஒரு ஒப்பு உண்டு. அவன் வாயத் திறந்து எங்கிட்டக் கேட்டது இதுதான். வேண்டாம்னு பறஞ்சிராதீங்க.”

நான் என்ன பறைய? வேண்டாம் என்று சொன்னால், உன் அத்தை உனக்குக் கொடுக்க நினைத்த ஒரே சீரைத் திருப்பிக் கொடுத்ததாகும். சரி என்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், அத்தைக்குச் சாயா போட எழுந்து போனாள். நான் அந்த உறையை வாங்கி வைத்துக்கொண்டேன். வாங்கியதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாயாவைக் குடித்துவிட்டு, மாமாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், வாறேன் என்று கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வழியெல்லாம் உன் வண்டி என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வெள்ளை என்றேன், எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன்.

மக்கா, நீ அவளுக்குத் தீங்கு நினைத்துக் கேட்கவில்லை. நானும் அன்று நினைக்கவில்லை. நமக்கு மேலே இருப்பவர்கள் நம்மிடமிருந்து எடுக்கிறார்கள், நம்மால் அவர்களைத் தொட முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அத்தைதான். அந்த ஆயிரம் போகும் என்று இப்போது உனக்குத் தெரியும், இதைத் தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு நீ சொல்ல முடியாது. எனக்கு அந்த வசதி இருந்தது, உனக்கு அதையும் கெடுத்துவிட்டேன். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. வரியைக் கட்டு என்று சொன்னால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்பாய். என்னிடம் இருந்தால் நான் தந்துவிடுவேன். இல்லை. கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருப்பதைத் தொட்டால் உன் அம்மா விடமாட்டாள், தொடவும் கூடாது. வண்டியை ஒரு வருஷம் தள்ளி வாங்கேன் என்று கேட்கலாம். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளையிடம், பெண் வீட்டார் முன்னால் பஸ்ஸில் போ என்று எப்படிக் கேட்பது? எழுதிவிட்டேன், பார். பேனா எழுதிவிட்டது.

அந்தக் காப்பியைக் கிழித்துப்போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். அது எனக்குக் கொடுத்தது இல்லை, உனக்குக் கொடுத்தது. அதனால் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும், பிரிண்டர் கோளாறு என்று நினைக்காதே, அண்டிக்கறை. எவ்வளவு துடைத்தாலும் அவள் விரலிலிருந்து போகாது.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்து, காகிதம் கிடைத்ததா, அது போதுமா, இன்னொன்று வேண்டுமா என்று கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று அதற்குள் யோசித்து வை. நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து யோசிக்கிறேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அப்பா